வெள்ளரிக்காய்ச் சுருள்

பகல் பன்னிரண்டு மணிக்கே கஜீவனுக்குக் கால் இரண்டும் கடுக்கத் தொடங்கிவிட்டன.

சுவிஸின் பேர்ண் நகர உணவுச் சந்தையில் அவன் நிற்கிற சுஷிக் கடைக்கு முன்னால், தேருக்கு வடம் பிடிக்க வந்த சனம்போல வரிசை நீண்டு கிடந்தது. தூறல் வேறு.

எல்லாம் ஒரு மீனால் வந்த வினை.

ஏரியின் அடியாழத்தில் கிடக்கிற சாதியாம். வருடத்தில் மூன்று கிழமைதான் வலையில் படுமாம். ஆளுக்கு ஒரு துண்டுதான் என்று முதலாளி பலகையில் எழுதி மாட்டியிருந்தார். அப்படி எழுதினால் சும்மா போகிறவனும் நின்று கேட்பான்தானே.

வாங்கினவர்கள் கண்ணை மூடிக்கொண்டு மென்றார்கள். ஒரு கிழவர் தொப்பியைக் கழற்றிக் கஜீவனுக்கு மரியாதை செய்தார். விடிய நாலு மணிக்கு எழும்பி வந்தவனுக்குத் திருப்பிச் சிரிக்கவும் சத்தில்லை.

பன்னிரண்டு வருடமாகச் சோற்றுப் பிடியில் பச்சை மீன் துண்டு வைத்துச் சுஷி செய்கிறான். கலியாணம் முடித்த நாளிலிருந்து நல்ல துண்டாகப் பார்த்துச் சரணியாவுக்குக் கொண்டுபோவான். மீன் என்று வந்தால் பூனை அவளிடம் தோற்றுப்போகும்.

இந்த எட்டுக் கிழமையாகத்தான் வெறும் வெள்ளரிக்காய்ச் சுருள். அவள் முகத்தைச் சுளித்துச் சுளித்துத் தின்பாள். பார்க்கப் பார்க்க இவனுக்கு மனம் நிறையும். இன்றைக்கும் ஒரு பெட்டி கட்டி மேசைக்குக் கீழே வைத்திருந்தான்.

காலையில் அவள் டாக்டரிடம் போயிருந்தாள். எல்லாம் சரியென்றால் பின்னேரம் இரண்டு வீட்டாருக்கும் சொல்வதாக இருந்தார்கள். ஆறு வருடமாகக் காத்திருந்து சொல்லப்போகிற செய்தி. அவனுக்கு வாய் துடித்துக்கொண்டிருந்தது.

டாக்டரிடமிருந்து வெளியே வந்ததும் போன் எடுக்கிறேன் என்றவள் எடுக்கவில்லை.

நிமிர்ந்து பார்த்தபோது வரிசையில் நின்றாள். அவளுக்கு முன்னால் ஒன்பது பேர்.

முன்னுக்கு வரச் சொல்லிக் கையைக் காட்டினான். அவள் தலையாட்டி மறுத்துவிட்டு அங்கேயே நின்றாள்.

ஐந்து பேர். மூன்று பேர். அவளுக்கு முன்னால் நின்ற ஆளுக்கு அவன் மிச்சக் காசை இரண்டு தரம் பிழையாகக் கொடுத்தான்.

அவள் முறை வந்ததும் குனிந்து பெட்டியை எடுத்து நீட்டினான்.

"அது வேண்டாமப்பா," என்றாள். "எனக்கு அந்த மீன் ஒண்டு தாங்கோ."

அவன் கை அப்படியே நின்றது. அவள் அவனைப் பார்க்கவில்லை, மீனைத்தான் பார்த்தாள். பின்னால் நின்றவர் மெல்லச் செருமினார்.

கஜீவன் கத்தியை எடுத்தான். கொழுப்பேறிய நல்ல துண்டாகப் பார்த்து வெட்டினான். கையை நனைத்துச் சோற்றைப் பிடித்தான். இத்தனை வருடத்தில் ஒரு துண்டுக்கு இவ்வளவு நேரம் அவன் எடுத்ததில்லை.

அவள் வாயில் வைத்து மெதுவாக மென்றாள்.

"நல்லாயிருக்கு," என்றாள். உண்மையாகவே நல்லாயிருந்ததுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை. குரல் உடைந்துபோயிற்று.

பிள்ளை பிறக்கும்வரை பச்சை மீன் தொடக்கூடாது என்று டாக்டர் சொன்ன அன்றே, அதைப் பெரிய எழுத்தில் எழுதிக் குளிர்பெட்டியில் ஒட்டினவள் அவள்தான்.

காலையில் அவன் வெளிக்கிடும்போதும் அந்தக் கடதாசி அங்கேதான் இருந்தது.