பூரண குணம்

மைசூரில் டிபி என்றால் டாக்டர் ஏகாம்பரம்தான். தாரணியின் எக்ஸ்ரேயைப் பார்த்துவிட்டு வாய் நிறையச் சிரித்தார்.

“நோடம்மா, இங்கே பாரு, பூரண குணம். இனிமே கல்யாணச் சாப்பாடு எப்போ?”

“நான் கட்டிக்கப் போறவர் வீட்ல இதை இன்னும் சொல்லலை சார். பயமா இருக்கு.”

“குணமான நோய்க்கு என்ன பயம்? இனி யாருக்கும் ஒட்டாது. வேண்டாம்னு சொல்றவன் படிச்ச முட்டாள்.”

“அவங்க அப்பாகிட்ட நீங்களே சொல்வீங்களா?”

“இப்பவே சொல்றேன், நம்பரைக் கொடு” என்று போனை எடுத்தார்.

தாரணிக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

“உங்க நம்பர்தான் சார். உங்க பையன் சந்துருவைத்தான் சொல்றேன்.”

போன் மெல்ல மேஜைக்கு இறங்கியது. இத்தனை மாதமாக அவர் சொன்னதையெல்லாம் வேதவாக்காக நம்பி மாத்திரை விழுங்கியவள், அவர் முகத்தையே பார்த்தாள்.

டாக்டர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“இந்த நோயை நம்ப முடியாதும்மா. எப்ப வேணா திரும்பி வரும்.”