இருக்கிறதிலேயே மட்டமா ஒண்ணு

"இருக்கிறதிலேயே மட்டமா ஒரு போன் காட்டும்மா. இவளுக்குத்தான்."

கவுன்ட்டருக்குப் பின்னால் நின்ற விற்பனைப் பெண்ணுக்குத் தன் காது மேலேயே சந்தேகம் வந்துவிட்டது.

"விலை குறைவாவா சார்?"

"விலை குறைவாவும் இருக்கட்டும், மட்டமாவும் இருக்கட்டும்."

சொன்னவருக்குத் தலை பாதி நரைத்திருந்தது. இஸ்திரி கலையாத சட்டை. பக்கத்தில் அவர் மனைவி கைப்பையை அணைத்தபடி நின்றார். முகத்தில் துளி வருத்தம் இல்லை. பாவம், பழகிப்போயிருக்கும் என்று நினைத்துக்கொண்டாள் விற்பனைப் பெண்.

கடையில் சேர்ந்த அன்றே அவளுக்குச் சொல்லிக்கொடுத்த பாடம் ஒன்றுதான். நிறையைச் சொல், குறையைக் கேட்டால் சிரி. அதன்படி நீல நிறத்தில் ஒன்றை எடுத்து வைத்தாள்.

"இந்த விலைக்கு இப்படி ஒரு கேமரா கிடைக்கவே கிடைக்காது சார். இருட்டுல எடுத்தாக்கூட பளிச்சுன்னு விழும்."

"அப்ப வேண்டாம்."

"சரி, இது? கேம் ஆடினா ஒரு தடங்கல் இருக்காது."

"ஐயையோ, அதை முதல்ல உள்ள வைம்மா!"

பெண்ணுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எச்சில் கையால் காக்கா ஓட்டாத ஆட்களை அவளும் நிறையப் பார்த்திருக்கிறாள். அவர்கள்கூட விலையில்தான் அடித்துப் பேசுவார்கள். பெண்டாட்டிக்குத் தப்பித்தவறி நல்லது எதுவும் அமைந்துவிடக் கூடாதே என்று கவலைப்படமாட்டார்கள்.

"அம்மா, நீங்க சொல்லுங்க. பேசப்போறது நீங்கதானே?"

அந்த அம்மாள் ஓர் அடி முன்னால் வந்தார். "என் தங்கச்சி வெளியூர்ல தனியா இருக்கா. அவ முகத்தைப் பாத்துப் பேசி எத்தனையோ நாளாச்சும்மா. அவ கூப்பிடறப்ப எடுக்க என் கையில ஒரு போன் இருக்கணும். அது போதும்."

கேட்டவளுக்கு ஒரு யோசனை வந்தது. கடையிலேயே மோசமானதை எடுத்துவைத்து, அதன் மானத்தை வாங்கினால், இந்த மனுஷர் வெட்கப்பட்டாவது நல்லதாக ஒன்று வாங்கமாட்டாரா?

கீழ்த்தட்டின் மூலையில் தூசி படிந்து கிடந்த பெட்டியைத் துடைத்து எடுத்தாள். உள்ளே மங்கிப்போன பழுப்பு நிறத்தில் ஒரு போன்.

"உள்ளதைச் சொல்லிடறேன் சார். இதுல போட்டோ எடுத்தா ஆம்பளையா பொம்பளையான்னே தெரியாது."

"அடடே!" அவர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "அப்புறம்?"

"கேம் எதுவும் ஏறாது."

"நிச்சயமா ஏறாதா?"

"சத்தியமா ஏறாது! படம் பாத்தா நின்னு நின்னு வரும். கொஞ்ச நேரத்துல அடுப்பு மாதிரி கொதிக்கும்."

"பேஷ். இதே நிறம்தானா? வேற நல்ல நிறம் ஏதும் வந்துடாதே?"

"வராது சார். இதைக் கையில வெச்சிருந்தா பாக்கறவங்க சிரிப்பாங்க!"

நாலு கவுன்ட்டர் தள்ளி நின்ற சூப்பர்வைசர் பேனாவைக் கீழே போட்டார். கடைச் சரக்கைக் கடைக்காரியே இப்படிக் கரித்துக்கொட்டி அவர் பார்த்ததில்லை.

"என் தங்கச்சி முகம் தெரியுமா இதுல?" என்றார் மனைவி.

"தெரியும்மா, கொஞ்சம் மங்கலா. பேச்சு மட்டும் தெளிவா கேக்கும். பேட்டரியும் நிக்கும். அந்த ரெண்டுதான் இதுல உருப்படி."

"அப்ப இதுக்கே பில் போடும்மா!" என்றார் கணவர், பெண் பார்த்து முடித்த திருப்தியோடு.

விற்பனைப் பெண்ணால் அதற்கு மேல் வாயை அடக்க முடியவில்லை. "தப்பா நினைக்காதீங்க சார். இத்தனை வருஷம் கூட வாழ்ந்தவங்களுக்கு நல்ல போனா ஒண்ணு வாங்கிக் கொடுக்க மனசு வரலையா?"

சூப்பர்வைசர் விழுந்தடித்து ஓடி வந்தார். "சார், மன்னிச்சுக்கங்க. புதுப் பொண்ணு, தெரியாம..."

"இருங்க, அது கேட்டதுல தப்பில்லை." அவர் கோபித்துக்கொள்ளவே இல்லை. "மூணு வாங்கிக் கொடுத்தேன்மா. மூணும் அருமையான போன். முதல் போன்ல கேமரா நல்லா இருக்குன்னு எங்க பொண்ணு எடுத்துக்கிட்டா. ரெண்டாவதுல கேம் நல்லா ஓடுதுன்னு பையன் எடுத்துக்கிட்டான். 'உனக்கெதுக்கும்மா இவ்வளவு நல்ல போன்?'னு கேட்டா போதும், இவ தூக்கிக் கொடுத்துடுவா. அவங்க கழிச்சுப் போடற பழசு இவளுக்கு. தங்கச்சி 'அக்கா'ன்னு ஆரம்பிக்கறதுக்குள்ள அது செத்துப்போகுது. எவனும் ஆசைப்படாத போன்தான் இவ கையில தங்கும்."

பெண்ணுக்குக் கண் நிறைந்துவிட்டது. இப்படிப்பட்ட மனுஷரையா கஞ்சன் என்று நினைத்தோம்! தன்னையே திட்டிக்கொண்டாள். சூப்பர்வைசரும் மூக்கை உறிஞ்சினார்.

"மன்னிச்சுடுங்க சார். உங்களை மாதிரி ஒருத்தர் கிடைக்க அம்மா கொடுத்து வெச்சிருக்கணும்." பெட்டியைப் பையில் போட்டபோதுதான் அவளுக்குக் கணக்கு உதைத்தது. "ஆமா சார், அந்த மூணாவது போன்?"

அவருக்குத் திடீரென்று சுவரில் தொங்கிய போன் உறைகள் மேல் அக்கறை வந்துவிட்டது. எழுந்துபோய் ஒவ்வொன்றாகத் தடவிப் பார்க்க ஆரம்பித்தார்.

மனைவி பையை வாங்கிக்கொண்டு சிரித்தார்.

"அது இவர் சட்டைப்பையில இருக்கும்மா. அதனாலதான், இந்தத் தடவை உங்களுக்கே பிடிக்காததா ஒண்ணு பாருங்கன்னு கையோட கூட்டிட்டு வந்தேன்."