கண்ணாடியில் விழுந்த மரம்

“தூரத்து ஜன்னல்ல ஒரு முகம். கண்ணாடியில வெளி மரத்தோட பிம்பம் விழுந்து மறைக்குது. அதைப் போக்க ஃபில்டர் இருக்காமே?” என்றார் வந்தவர்.

கேமரா கடைக்காரருக்குச் சுருக்கென்றது. வந்தவர் கையில் தூரத்தைக் கிட்டே காட்டும் நீளமான டெலி லென்ஸ். இந்தப் பூனையும் பால் குடிக்குமா என்கிற முகம்.

“யாரோட ஜன்னல்?”

“ஆஸ்பத்திரி. தொத்து வியாதி வார்டு. என் பொண்ணு. உள்ள விடல, எதிர் மாடியில நின்னு எடுத்தேன்.”

கடைக்காரர் நாக்கைக் கடித்துக்கொண்டார். கண்ணாடிப் பிம்பத்தைப் போக்கும் போலரைசர் ஃபில்டரில் இருப்பதிலேயே நல்லதை எடுத்து வைத்தார்.

“லென்ஸ் முன்னாடி மாட்டிட்டு, கொஞ்சம் சாய்வா நில்லுங்க. வளையத்தை மெதுவாத் திருப்புனா மரம் மறைஞ்சிடும், பாப்பா முகம் தெரியும்.”

வந்தவர் பையிலிருந்து ஒரு போட்டோவை எடுத்து மேஜைமேல் வைத்தார். கண்ணாடி முழுக்க இலைகள். நடுவே ஒரு சின்ன உள்ளங்கை மட்டும். ஃபில்டரை அதன்மேல் வைத்து மெதுவாகத் திருப்பினார்.

மரம் அப்படியே இருந்தது.

“எடுக்கும்போதே போடணும் சார். நாளைக்குப் போய் இன்னொண்ணு எடுத்துடுங்க.”

“அவ போய்ப் பத்து நாளாச்சு,” என்றார் அவர், திருப்புவதை நிறுத்தாமல்.