குக்கர் கற்றுத்தந்த வெண்பா

எரிகிற அடுப்பின்மேல் ஆணை, இதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. கல்யாண நாளை மறந்துவிட்ட தணிகாசலத்திடம், தமிழாசிரியையான மனைவி அமிர்தவல்லி, “பிழையில்லாம ஒரு வெண்பா எழுதுங்க, அப்புறம் பேசலாம்” என்று சொல்லி வாயை மூடிக்கொண்டாள். அவர் கூடத்தில் உட்கார்ந்து அசை, சீர், தளை என்று உரக்கப் படித்தார். ‘மலர்’ நேரசையா, நிரையசையா என்று திணறியபோது சமையலறையில் குக்கர் இரண்டு விசில் அடித்தது. நிரையசை. ‘நாள்’ என்று கேட்டுப் பார்த்தார். ஒரே விசில், நேரசை. தளை தட்டிய இடத்தில் மட்டும் புஸ்ஸென்று சீறியது. இப்படியே நாலடியும் தேறியதும், முழுவதையும் வாசித்தார்.

“சாப்பிட வாங்க, புலவரே” என்றாள் அமிர்தவல்லி.

அந்த வீட்டில் இருக்கும் ஒரே குக்கர் கல்யாணத்துக்கு வந்த பரிசு. பரண்மேல் இன்னும் பெட்டி பிரிக்காமல் இருக்கிறது.