வீண் சுமை

மலையேறுவோருக்கு முகாம் சாமான் விற்கும் கடையின் சிமெண்டுத் தரையில், காற்றடைத்த மெத்தைமேல் ஒருக்களித்துப் படுத்திருக்கிறார் தையல்காரர். பழக்கதோஷத்தில் விரல் விளிம்பில் தையலைத் தேடுகிறது; ஒட்டுதான் இருக்கிறது. மலைக்காட்டுக்குப் போன மகன் இன்னும் திரும்பவில்லை. நாளை தேடும் குழுவோடு இவரும் ஏறுகிறார். "குளிருக்குப் போர்வையைவிட இதுதாங்க முக்கியம். தரைதான் உடம்புச் சூட்டை உறிஞ்சிரும்," என்கிறாள் கடைக்காரி. மகன் கிளம்பிய அன்று அவன் பையிலிருந்த கனத்த மெத்தையை, "வீண் சுமைடா" என்று உருவிப் போட்டவர் இவர்தான். மெத்தையை விட்டு நழுவிய உள்ளங்கை, சில்லென்ற சிமெண்டில் அழுந்தி அங்கேயே கிடக்கிறது. "இருக்கிறதுலயே எடை கம்மியா ரெண்டு குடும்மா," என்கிறார். "ஒரு ஆளுக்கு ஒண்ணு போதுமேங்க." "இறங்கி வரும்போது அவனும் படுக்கணுமேம்மா."