செங்கமலத்தின் புது முதலாளி

எங்கள் குடியிருப்பில் ரகசியம் தங்காது. சுவர் அத்தனை மெல்லிசு. செங்கமலம் வேலை பார்க்கும் வீட்டில் அவளை யாரும் ஒரு சொல் அதட்டிவிட முடியாது. தோளில் குத்தியிருக்கும் அரசாங்க வில்லை உடனே "முதல் எச்சரிக்கை!" என்று கத்தும். மூன்றாவதுக்குப் போலீஸே வந்துவிடும். வீட்டுக்கு வந்தால் மட்டும் வில்லை ஊமை. இங்கே அவள் வேலைக்காரி இல்லையே, பெண்டாட்டி. புருஷன் பக்கிரிசாமிக்கோ கை நீட்டும் பழக்கம்.

போன வாரம் அவன் முன்னால் ஒரு படிவத்தை வைத்தாள். "முதலாளின்னு உங்க பேரைப் போட்டிருக்கேன். கையெழுத்து போடுங்க."

பிறந்ததிலிருந்து அவனை யாரும் முதலாளி என்றதில்லை. படிக்காமலே போட்டுவிட்டு, அதைத் தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டு வேறு திரிந்தான்.

அன்று சாயங்காலமே, "குழம்புல உப்பு எங்கடி?" என்று கையை ஓங்கினான்.

"முதலாளி அவர்களே, அதட்டல் ஒன்று, ஓங்கிய கை ஒன்று. இன்னும் ஒன்றுதான் பாக்கி" என்றது வில்லை.

ஓங்கிய கையை என்ன செய்வதென்று தெரியாமல் தலையைச் சொறிந்துகொண்டான். வாய்வரை வந்த 'டி'யை விழுங்கி, "எனக்கு இந்த முதலாளி வேலையே வேணாம்" என்றான்.

"ஊழியரை நீக்க ஒரு மாத நோட்டீஸ் தர வேண்டும். காரணத்தையும் எழுத வேண்டும்" என்றது வில்லை.

செங்கமலம் பேனாவைக் கொண்டுவந்து வைத்தாள். "எழுதுங்க. அடிக்க முடியலைன்னு எழுதுங்க."

பேனா இன்னும் வைத்த இடத்திலேயே கிடக்கிறது. உப்பு டப்பா எந்த அலமாரியில் இருக்கிறது என்பதை மட்டும் பக்கிரிசாமி கண்டுபிடித்துவிட்டான்.