முழங்கால் ஜெபம்

மத்தியானம் மறுபடியும் பீடத்தின் முன் முழங்கால் போட்டார் அருள்தந்தை ஞானப்பிரகாசம். காலையிலிருந்து எத்தனையாவது முறை என்று அவருக்கே தெரியவில்லை. முட்டி இரண்டும் விண்ணென்று வலித்தன.

வீட்டுத் தறியை நிறுத்திவிட்டுச் சாப்பாட்டுக் கேரியரோடு கோயிலுக்கு வந்திருந்தாள் லூர்துமேரி.

"எப்பப் பாத்தாலும் ஜெபந்தானா சாமி? ஊரே உங்கள புனிதர்னு பேசிக்கினு இருக்குது. சாப்டீங்களா இல்லியா?"

"வேணாம்மா..."

"நேத்து ஸ்டெல்லா குடுத்தத வாங்கினீங்க. நான் குடுத்தா ஆவாதா?"

பிரியாணி கேரியரை அவர் பக்கத்திலேயே வைத்துவிட்டுப் போனாள்.

தியான இல்லத்து சிஸ்டருக்குப் போன் போட்டார்.

"சிஸ்டர், கண்டபடி திங்கிற வெறி வந்தா உடனே சர்ச்சுக்கு ஓடி முழங்கால் போடுங்க, அதான் மருந்துன்னு சொன்னீங்க. இப்ப கேரியர் இங்கயே வருது. இனிமே நான் எங்க ஓடறது?"